மின்விசிறிக்கு உள்ள கணக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் வெளியான ஒரு கடிதம், செல்வந்தரைப் பற்றி முறையிடுவோர் யாவரும் உள்ளூரப் பொறாமையால் வெந்துகொண்டிருப்பவர்கள் என்றும், உழைத்து முன்னேறத் தெரியாதவனே அடுத்தவன் வீட்டு மதிலை எட்டிப் பார்க்கிறான் என்றும் கூறியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதற்கு மறுமொழி எழுதும் உரிமை எனக்குச் சிறிதளவேனும் உண்டென நினைக்கிறேன். அடுத்தவர் செல்வத்தை எட்டிப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளமும் தந்தார்கள்.

1981ஆம் ஆண்டு நான்காம் குறுக்குத் தெருவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் முதலாளி என்னைவிட எத்தனை மடங்கு சம்பாதிக்கிறார் என்பது எனக்கு ரூபா சதக் கணக்கில் தெரியும். அது ஒருநாளும் என்னை உறுத்தியதில்லை. விடியற்காலையில் கடையைத் திறப்பவர் அவர். வெங்காயம் அழுகினால் நட்டமும் அவருக்கே. என் தங்கையின் திருமணத்துக்கு அவர் கடன் தந்தார், வட்டி கேட்கவில்லை. கடை நடக்கும் விதம் என் கண்முன்னே இருந்ததால், அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. சாதாரண மக்கள் செல்வத்தை வெறுப்பதில்லை, அது வரும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்வார்கள் என்று நான் நம்புவது அந்த அனுபவத்தால்தான்.

இனி ஜம்பட்டா வீதிக்குப் பின்புறமுள்ள, சிறு வீடுகள் நெருங்கிய தோட்டமொன்றில், எங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு குடும்பத்தின் கதை. கணவர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்கிறார். இடுப்பு நோவு வந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் மூட்டை தூக்க முடிவதில்லை. மனைவி இரண்டு வீடுகளில் சமைக்கிறார். 2023இல் சமுர்த்தி என்ற அரச நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற புதிய நிவாரணத் திட்டம் கொண்டுவரப்பட்டபோது அவர்களும் விண்ணப்பித்தார்கள். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளில் இருபத்திரண்டு குறிகாட்டிகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வறுமையை அளப்பது அத்திட்டத்தின் முறை. விபரம் எடுக்க வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மின்கட்டணப் பட்டியலை வாங்கிப் பார்த்தார், மின்விசிறி எத்தனை, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா என்றெல்லாம் கேட்டார். அந்தக் குளிர்சாதனப் பெட்டி, அந்த மனைவி சமைக்கும் வீட்டார் புதியது வாங்கியபோது எறிவதற்குப் பதிலாகக் கொடுத்தது. உள்ளே துணி மடித்து வைத்திருந்தார்கள். பெயர்ப்பட்டியல் வந்தபோது அவர்கள் பெயர் அதில் இல்லை. மேன்முறையீட்டுக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அதை எழுதும்போது அந்தப் பெண் கேட்டார்: "ஐயா, எங்கட ஃபேனை எண்ணினவங்க, அந்தப் பக்கம் நிக்கிற மாடி வீடுகள்ல என்ன இருக்கெண்டும் எண்ணுவாங்களா?" அவர் கையை நீட்டிய திசையில், பேர வாவிக்கும் கொம்பனித்தெருவுக்கும் மேலாக எழுந்து நிற்கும் உயர்ந்த கட்டடங்கள் தெரிந்தன. மாலையானால் அவற்றின் சன்னல்களில் பாதிக்கு மேல் இருட்டாகவே கிடப்பதை நாங்கள் எல்லோரும் கவனித்திருக்கிறோம். வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கவில்லை.

எண்ணுவதில்லை என்பதே அவர் கேள்விக்கு நேர்மையான பதில். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி, ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசைப்படி நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் அதன் வருமானம் 53,333 ரூபாதான். சராசரிக்கும் நடுவுக்கும் இடையிலுள்ள அந்த 23,000 ரூபா எங்கிருந்து வந்ததென்று எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்லிவிடுவான்: மேலே இருக்கும் சிலரின் தொகை சராசரியை மேலே இழுத்திருக்கிறது. மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு மொத்த வருமானத்தில் 51.3 வீதமும், அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு 4.6 வீதமும் போவதாக அதே அளவீடு கூறியது. இதுவும் கேட்டவுடன் கதவைத் திறந்து பதில் சொன்னவர்களின் கணக்குத்தான். வாயிற்காவலரைத் தாண்டிப் பதினெட்டாம் மாடிக்குப் படிவத்தோடு போவது எந்த அளவீட்டாளருக்கும் எளிதல்ல. அத்துடன் அது வருமானத்தைப் பற்றியது, சொத்தைப் பற்றியதல்ல. சொத்தைப் பொறுத்தவரை, நாட்டின் தனியார் செல்வத்தில் 31 வீதம் மேலேயுள்ள ஒரு வீதத்தினரிடமும், 4 வீதத்துக்கும் குறைவானது கீழேயுள்ள பாதிப் பேரிடமும் இருப்பதாக ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. சொத்துகளைப் பதியும் சொந்த ஏடு எங்களிடம் இல்லாததால் வெளியார் மதிப்பீட்டை எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

முன்பு ஓர் ஏடு இருந்தது. இறந்தவரின் சொத்துக்கு விதிக்கப்பட்ட வரி 1980களிலும், செல்வ வரி 1990களின் தொடக்கத்திலும் இந்நாட்டில் நீக்கப்பட்டன. அவற்றால் அரசுக்குப் பெரிய வருமானம் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வரிகளோடு, ஒருவர் தம்மிடம் உள்ளதை ஆண்டுதோறும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கமும் மங்கிப்போனது. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று வரும் மூலதன இலாபத்துக்கு வரி இல்லை. நாட்டாமையின் வீட்டில் வாங்கும் சவர்க்காரத்துக்கு மட்டும் 2024 ஜனவரி முதல் 18 வீதம் பெறுமதி சேர் வரி உண்டு. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் புத்தகமும் அன்றிலிருந்து அதே வரிக்குள் வந்தன.

ஏழை எவ்வளவு கொடுக்கிறான் என்பதைவிட, 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதே மக்கள் மனத்தில் ஆறாமல் கிடக்கிறது. சென்ற வாரக் கடிதத்தை எழுதியவர் அதைத் தொடவே இல்லை. 2022 மார்ச்சில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. வெளிநாட்டில் டொலரில் பணம் வைத்திருந்தவர் அந்த இரண்டு மாதங்களில் விரலையும் அசைக்காமல் ரூபாக் கணக்கில் கிட்டத்தட்ட இருமடங்கு செல்வந்தரானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அரசு குறுகிய காலக் கடன் வாங்கும் பத்திரங்களான ஓராண்டுத் திறைசேரி உண்டியல்களுக்குச் சுமார் 30 வீத வட்டி கிடைத்தது. கையில் உபரிப் பணம் இருந்தவர்கள் அதில் இட்டார்கள். மறு ஆண்டு பணம் திரும்பி வந்தபோது பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. சட்டப்படி இதில் குற்றம் எதுவுமில்லை. எனக்கும் உபரிப் பணம் இருந்திருந்தால் இட்டிருப்பேன்.

என்னுடைய பணம், சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியில் இருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டுக்கு நிதியம் எங்கள் கணக்கில் வரவு வைத்த வட்டி 9 வீதம். அதற்கு மறு ஆண்டு, 2023 ஜூலை முதலாம் திகதி, நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் அளித்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்கள்) அதிலிருந்து விலக்கப்பட்டன, தனியார் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களும் தொடப்படவில்லை. ஓய்வூதிய நிதியங்கள் மாத்திரம் தங்கள் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், மறுத்தால் 30 வீத வருமான வரி என்று நிபந்தனை வைக்கப்பட்டது. வங்கிகள் தள்ளாடினால் வைப்பாளர் எல்லோரும் விழுவார்கள் என்று கூறப்பட்ட காரணத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும் நாட்டின் கடனுக்காக யாருடைய சேமிப்பில் கைவைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, தையல் தொழிற்சாலைப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் மாதாமாதம் 8 வீதம் பிடித்துக் கொடுத்த பணமே முதலில் அகப்பட்டது. அது அகப்பட்டதற்கு ஒரு காரணம், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது சதக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாத பணத்தில் கைவைக்க யாராலும் முடியாது.

2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நுழைந்ததை அந்தக் கடிதக்காரர் 'பொறாமையின் வெளிப்பாடு' என்று எழுதியிருந்தார். மறுநாள் நானும் போனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை நடை தூரந்தான், பஸ்ஸுக்கும் எண்ணெய் இருக்கவில்லை. குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி மக்கள் வரிசையில் நின்று, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அறை அறையாகப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு முதிய சிங்களத் தாய் கதவுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார்; இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறி, மகனைக் கேட்டார். அந்த மாளிகையில் கண்டெடுத்த 1 கோடியே 78 இலட்சம் ரூபாவை இளைஞர்கள் தரையில் பரப்பி எண்ணி, பொலிஸாரிடம் ஒப்படைத்தது உலகமே பார்த்த செய்தி. எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் அந்தப் பணத்தை எடுத்துப் பையில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எண்ணித்தான் பார்த்தார்கள். பொறாமைக்காரனின் கை அப்படி நடந்துகொள்ளுமா என்பதைத் தங்கள் வாசகர்களின் தீர்ப்புக்கு விடுகிறேன்.

நான் என்னைப் பற்றியும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் கடையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருந்தன. வரி அலுவலர் கண்ட புத்தகமும் முதலாளி கண்ட புத்தகமும் ஒன்றல்ல. இரண்டையும் எழுதியது என் கைதான். ஏன் எழுதினேன் என்று கேட்டால், சம்பளத்துக்காக என்பது ஒரு பதில். இன்னொரு பதில் எங்கள் சமூகத்துக்கு மட்டும் விளங்கும். 1983 ஜூலையில், கைகளில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழருடைய வீடுகளையும் கடைகளையும் தேடிக் கலகக் கும்பல்கள் வந்தன. எங்கள் கடையும் எரிந்தது. பட்டியலில் இருப்பது ஆபத்து என்று அன்று கற்ற பாடத்தை அடுத்த தலைமுறை வரை சுமந்தவர்கள் நாங்கள். ஆகவே சொத்துப் பதிவேடு என்றவுடன் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் சிலர் நெற்றியைச் சுருக்குவதை நான் புரிந்துகொள்கிறேன். அரசை நம்பாதவன் அரசிடம் கணக்குக் காட்டமாட்டான். எனினும், ஏழையின் பெயர் இன்று இருபத்திரண்டு கட்டங்களில் பதியப்பட்டுவிட்டது என்பதையும், அச்சம் என்ற சலுகை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

கணக்குக் கேட்டால் மூலதனம் ஓடிவிடும் என்பது சென்ற வாரக் கடிதத்தின் மற்றொரு வாதம். கணக்குக் கேட்காத காலத்தில் அது ஓடாமல் நின்றதா? கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரத்துக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாற்பது ஆண்டுகள் வரை வரிவிலக்கு அளிக்க வழிசெய்து கொடுத்தோம். அடுத்த ஆண்டே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தோம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. சலுகை கொடுத்தால் பணம் தங்கும் என்ற உறுதியை மட்டும் இனிமேல் எவரும் இவ்வளவு எளிதாகத் தர வேண்டாம். (என் பேரன் கைபேசியில் காட்டிய ஒரு செய்தி: எலோன் மஸ்க்கின் சொத்து 2025 ஒக்டோபரில் 500 பில்லியன் டொலரை எட்டியதாம். இந்த நாட்டின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் 2024 முழுவதும் உழைத்துப் பெற்ற மொத்த உள்நாட்டு உற்பத்தி 100 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவருடைய சொத்து எவ்வளவென்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரிகிறது. பேர வாவிக் கரையிலுள்ள மாடி வீட்டின் உரிமையாளர் யாரென்று அவனுடைய தாத்தாவுக்குத் தெரியவில்லை.)

சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் செய்துகொண்ட உடன்பாட்டில் சொத்தின் மீதான வரியும் பேசப்பட்டது. பின்னர் அது, உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளுக்கும் வெறுமையாகக் கிடக்கும் வீடுகளுக்கும் வரக்கூடிய வாடகையைக் கணித்து விதிக்கும் வரியாக உருமாறி, அதற்கு அடிப்படையாக விற்பனை விலைகளையும் வாடகைகளையும் பதியும் ஒரு நாடளாவிய பதிவேடு வேண்டுமென்று கூறப்பட்டு, தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. வரி எத்தனை வீதம் என்ற சண்டை பிறகு வரட்டும். முதலில் அந்தப் பதிவேட்டை முடிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மின்விசிறிவரை சில மாதங்களில் எண்ணி முடிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கொழும்பு மாநகரின் உயர்மாடி வீடுகளை எண்ணுவது கடினமான வேலையாக இருக்க முடியாது; அவை தூரத்திலிருந்தே தெரிகின்றன.

தங்கள் பத்திரிகையிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரவுசெலவுத் திட்ட விவாதம் வரும்போதெல்லாம் எந்தப் பொருளுக்கு எத்தனை ரூபா ஏறியது என்று முதற்பக்கத்தில் பட்டியலிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில், அந்தப் பதிவேடு எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு வரியும் ஒவ்வொரு முறையும் வெளியிட முடியுமா? நாட்டாமையின் மேன்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. பிரதேச செயலகத்தில் விசாரித்தபோது, குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி மேலும் ஒரு விளக்கக் கடிதம் தேவை என்றார்கள். நாளைக் காலை அதை எழுத வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கணக்கெழுதுநர்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.