ஸ்பெயின் பணத்தாள்களில் எழுத்தாளர்கள்: இரு திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டுப் பழைய பணத்தாள்களைச் சேகரிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். அதில், ஸ்பெயின் நாட்டின் பழைய நாணயமான பெசேட்டாவின் தாள்களில் எழுத்தாளர்களின் உருவங்கள் இடம்பெற்றது 1975-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ மறைந்து மக்களாட்சி திரும்பிய பிறகே என்றும், யூரோ புழக்கத்துக்கு வந்த அன்றே அத்தாள்கள் மதிப்பிழந்தன என்றும் எழுதப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தாள்களைத் தேடிச் சேர்த்துவருபவன் என்ற முறையில், இவ்விரண்டும் திருத்தப்பட வேண்டியவை எனக் கருதுகிறேன்.

நாவலாசிரியர் செர்வாண்டிஸ் 1928-ஆம் ஆண்டுத் தேதியிட்ட 100 பெசேட்டா தாளிலேயே வந்துவிட்டார். ஃபிராங்கோவின் ஆட்சிக் காலத்திலும் 1965 தேதியிட்ட 100 பெசேட்டா தாளில் கவிஞர் பெக்கரும், 1971 தேதியிட்ட 500 பெசேட்டா தாளில் கவிஞர் வெர்தாகேரும் இடம்பெற்றனர். பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும், நாட்டின் வடகிழக்கில் பேசப்படும் கத்தலான் மொழியை விலக்கிவைத்த ஓர் ஆட்சி, அம்மொழியின் பெருங்கவிஞரான வெர்தாகேரின் முகத்தைத் தன் பணத்தில் அச்சிட்டது வியப்புக்குரியதே. அவர் பாதிரியாராகவும் இருந்தது அதற்கு உதவியிருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

இவர்கள் எல்லோரையும்விட என்னைக் கவர்ந்தது 1971 தேதியிட்ட 1000 பெசேட்டா தாளில் உள்ள ஹோசே எச்சேகராய். அவர் 1904-ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாடகாசிரியர். அதற்கு முன்பே பொறியாளராகவும் கணித அறிஞராகவும் பெயர்பெற்றவர். நிதியமைச்சராக இருந்தபோது, பணத்தாள் வெளியிடும் தனியுரிமையை ஸ்பெயின் வங்கிக்கு 1874-இல் ஆணையின் வழியே வழங்கியவரும் அவரே. அந்த வங்கியின் மாட்ரிட் கட்டடம் தாளின் பின்புறத்தில் இருப்பதைக் காணும்போது, வங்கி மரியாதை செய்தது நாடகாசிரியருக்கா, பழைய நிதியமைச்சருக்கா என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

கட்டுரையாளர் மனத்தில் கொண்டிருந்தது 1979, 1980 ஆகிய ஆண்டுகளின் தேதியிட்ட வரிசையாக இருக்க வேண்டும். தாளில் அச்சிட்ட தேதிக்குச் சில ஆண்டுகள் கழித்தே அவை மக்கள் கைக்கு வந்தன. அவ்வரிசையில் 200 பெசேட்டா தாளில் கிளாரின் என்ற புனைபெயர் கொண்ட நாவலாசிரியர் லியோபோல்தோ அலாஸ், 500-இல் கலீசிய மொழிக் கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோ, 1000-இல் நாவலாசிரியர் பெரெஸ் கால்தோஸ், 2000-இல் 1956-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமெனெஸ் என எழுத்தாளர்களே நிறைந்திருந்தனர். அரசர் ஹுவான் கார்லோஸுக்கு 5000, பின்னர் 1985 தேதியிட்ட 10000 என்ற பெரிய தொகைகள் ஒதுக்கப்பட்டன. உள்நாட்டுப் போரின்போது நாட்டைவிட்டு வெளியேறி, திரும்பாமலே 1958-இல் போர்ட்டோ ரிக்கோவில் மறைந்த ஹிமெனெஸ் ஸ்பெயின் மக்களின் சட்டைப்பைக்குள் திரும்பி வந்தது அவ்வரிசையில்தான். அவரும் அவருடைய மனைவி செனோபியாவும் சேர்ந்தே தாகூரின் நூல்களை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுசென்றனர் என்பதால், இந்தியச் சேகரிப்பாளர் எவரும் அந்தத் தாளை ஒருமுறையேனும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கால்தோஸின் தாளில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் பிறந்தது கிரான் கனாரியா தீவில். பின்புறத்தில் இருப்பதோ அண்டைத் தீவான தெனெரீஃபேயின் தெய்தே மலை.

1992-இல் கொலம்பஸ் பயணத்தின் ஐந்நூறாம் ஆண்டையொட்டி வந்த புதிய வரிசையில் 1000 பெசேட்டா தாளில் கால்தோஸ் இருந்த இடத்தை ஹெர்னான் கோர்த்தேஸும் பிசாரோவும் பிடித்துக்கொண்டனர். நாவலாசிரியரை இறக்கிவிட்டு, அமெரிக்கக் கண்டத்தின் மீது படையெடுத்துச் சென்றவர்களை ஏற்றியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த வரிசையை நான் சேர்ப்பதும் இல்லை.

மதிப்பைப் பற்றிய இரண்டாவது திருத்தம் இது. பெசேட்டா 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் புழக்கத்திலிருந்து நீங்கிய பின்னும், ஒரு யூரோவுக்கு 166.386 பெசேட்டா என்ற விகிதத்தில் ஸ்பெயின் வங்கி அத்தாள்களை மாற்றித் தந்துவந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடுதான் அது நின்றது. அதுவரை ஒரு கால்தோஸ் தாளுக்கு ஏறத்தாழ ஆறு யூரோ கிடைத்தது. இன்று விலையை முடிவுசெய்வது தாளின் நிலையும் அச்சும்தான்: மடிப்பு உண்டா, ஓரம் நைந்திருக்கிறதா, வரிசை எண்ணுக்கு முன் எழுத்து இல்லாத முதல் அச்சா என்பவற்றையே சேகரிப்பாளர்கள் பார்க்கிறார்கள். மடிப்பை மறைக்கச் சலவை செய்து இஸ்திரி போட்ட தாள்களும் விற்பனைக்கு வருகின்றன. புதிய தாளென்று நம்பி நானே ஒரு ரொசாலியா தாளை அப்படி வாங்கி ஏமாந்தேன். அச்சின் மேடுகள் தட்டையாகிப் போயிருந்ததை வீட்டில் விரலால் தடவிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். மலிவான பிவிசி உறைகளையும் தவிர்க்க வேண்டும். நாளடைவில் அவை பிசுபிசுத்துத் தாளைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டர் உறைகளே பாதுகாப்பானவை.

கட்டுரையின் மற்ற பகுதிகள் பயனுள்ளவையாகவே இருந்தன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் தவறான ஆண்டுகளை நம்பித் தேடாமல் இருக்க, மேற்கண்ட திருத்தங்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மதுரை