எரித்த கலோரியா, கணக்கிட்ட கலோரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவுப் பொட்டலத்தில் காணும் கலோரி எண் பெரும்பாலும் எரித்து அளந்ததல்ல, கூட்டிக் கணக்கிட்டது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9.

ஆய்வகத்தில் எரிப்பது பாம் கலோரிமீட்டரில், அதாவது நீரில் அமிழ்ந்த மூடிய எஃகுக் கலம் கொண்ட வெப்பமானிக் கருவியில். உலர்த்திப் பொடித்த சுமார் 1 கிராம் மாதிரியை 30 வளிமண்டல அழுத்த ஆக்ஸிஜனில் பற்றவைத்து, சுற்றியுள்ள நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கிறார்கள். முன்னதாக, எரிந்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்று துல்லியமாகத் தெரிந்த பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கருவியைத் தரப்படுத்துவது கட்டாயம். ஈரம் மிஞ்சினாலோ ஆக்ஸிஜன் போதாவிட்டாலோ கலத்தில் கரி தங்கிவிடும். அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

புரதம் அங்கே கிராமுக்குச் சுமார் 5.6 தரும். உடலிலோ நைட்ரஜன் யூரியாவாகக் கழிவதாலும் சிறிது செரிக்காமல் போவதாலும் 4தான் கிடைக்கிறது. முழுப் பாதாமில் இன்னும் மோசம்: செல் சுவருக்குள் சிக்கிய கொழுப்பு அப்படியே வெளியேறுவதால், கணக்கிட்ட எண் நிஜத்தைவிட அதிகம்.

எந்த முறையில் வந்த எண் என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

- ஒரு வாசகர்