துக்க வீட்டில் பேசும் சொல்: குருவானவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். துக்கமும் நோயும் உள்ள வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்லும்போது நாம் பேசுகிற பேச்சைக் குறித்து இம்மடலை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் ஜெபக்குழுவினர் வந்து, பாட்டுப் பாடி, சங்கீதம் வாசித்தார்கள். புறப்படும் நேரத்தில் மூப்பர் ஒருவர் வேதாகமத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாரம்மா" என்றார். பால் கட்டிக் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்தவள் தலையை மட்டும் அசைத்தாள். காப்பி டம்ளர்களை எடுக்க வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான். நல்லவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தச் சொல் அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கிற்று.

பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் முடித்துவிட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் தேடத் தொடங்கிய பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள்.

ஆனால் நான் உங்கள் முன் வைக்க விரும்புவது அந்நாளில் இஸ்ரவேலரின் ஆலயம் இருந்த சீலோவில் நடந்ததை. பிள்ளையில்லாத அன்னாள் உதடுகள் மாத்திரம் அசைய அழுது ஜெபிக்கிறாள். ஆலயத்தின் வாசல் நிலையண்டை ஆசனத்தில் இருந்த ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து, "உன் குடியை உன்னைவிட்டு விலக்கு" என்று கடிந்துகொள்கிறான். ஆறுதல் தேடி ஆலயத்துக்கு வந்தவளுக்கு ஆசாரியன் வாயிலிருந்து கிடைத்த முதல் சொல் இதுதான். தான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்று அவள் சொன்னதும், ஏலி வாதாடவில்லை, தன் ஆசனத்தின் கௌரவத்தைப் பார்க்கவில்லை; "சமாதானத்துடனே போ" என்று அதே இடத்தில் ஆசீர்வதித்தான். அதற்குப் பின்பு அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று வேதம் சொல்கிறது. அவள் மகன் சாமுவேல் பிறந்தது பிறகு. அவள் முகம் மாறியது அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே.

தன் வயலில் கதிர் பொறுக்க இடங்கொடுத்த போவாசிடம், விதவையான ரூத் சொல்லும் "பட்சமாய்ப் பேசினீரே" என்ற வார்த்தைக்கு எபிரேய மூலத்தில் இருதயத்தின்மேல் பேசுதல் என்றே பொருள். சிறையிருப்பில் நொந்த எருசலேமுடன் "பட்சமாய்ப் பேசி" ஆறுதல் சொல்லும்படி ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் தேவன் கட்டளையிடும்போதும் அதே சொற்றொடர்தான் வருகிறது. அன்பு என்ற பொருளில் வரும் பட்சம் என்ற இச்சொல் இன்று நம் பேச்சில் அருகிவிட்டது. சொல்லோடு வழக்கமும் போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நின்று பேசுகிறவரின் சொல்லுக்கு மற்றவர் சொல்லுக்கு இல்லாத எடை உண்டு. நாவைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதிய யாக்கோபு அந்த 3-ஆம் அதிகாரத்தைப் போதகருக்கான எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறார்.

ஆகவே உங்களிடம் வேண்டிக்கொள்வது இதுதான். வீடு சந்திப்புக்குப் போகிறவர்களைக் கூட்டி, என்ன பேசக்கூடாது என்பதை நீங்களே ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். நோய்க்கும் சாவுக்கும் காரணம் கேட்பதை அடியோடு விலக்குங்கள். பிள்ளையில்லாதவர்களின் பெயரைச் சொல்லி ஆராதனையில் ஜெபிப்பதாயிருந்தால், முன்கூட்டியே அவர்களைக் கேளுங்கள். தவறாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்தால், ஏலியைப்போல வாதாடாமல், அந்த மனுஷியிடமே திரும்பிப் போங்கள்.

தங்கை இப்போதும் ஆராதனைக்கு வருகிறாள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடியுமுன் எழுந்து போய்விடுகிறாள். அந்த மூப்பரின் வீடு எங்களுடையதிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபையின் அங்கத்தினன் ஒருவன்