முன்தகடு இல்லாத மின்வாளை வாடகைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்தில் கொழும்பில் முறிந்து விழுந்த கிளைகளை வெட்டவும், பழைய வீடுகளை உடைத்துத் திருத்தவும் பலர் 'ரெசிப்ரோ வாள்' வாடகைக்கு எடுக்கிறார்கள். நீண்ட மூக்கின் நுனியில் பிளேட் முன்னும் பின்னுமாகப் பாயும் மின்வாள் அது. பழுதுபார்க்க வரும் வாள்களில் அடிக்கடி ஒரு பாகத்தைக் காணவில்லை. மூக்கின் நுனியில், பிளேட்டைச் சுற்றி நிற்கும் இரும்பு முன்தகடுதான் அது. இன்னும் ஒரு அங்குலம் ஆழமாக வெட்டலாம் என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

அந்தத் தகடு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இந்த வாளின் பற்கள் பெரும்பாலும் பின்னால் இழுக்கும்போதுதான் அறுக்கின்றன. தகடு மரத்தில் அழுந்தி நின்றால் அந்த இழுவையைத் தகடே தாங்கும். நில்லாவிட்டால் பிளேட் மரத்தைப் பற்றிக்கொள்ள, முழு இயந்திரமும் கையோடு சேர்ந்து குதிக்கும். பிளேட்டின் நுனி சுவரிலோ கொங்கிறீற்றிலோ முட்டினால் இன்னும் மோசம்: பிளேட் வளையும் அல்லது முறியும், வாள் பிடித்திருப்பவரை நோக்கி உதைக்கும். ஆகவே முன்தகடு இல்லாத வாளை வாடகைக்குக் கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர்களையும், வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த தவறு பிளேட்டில். பிளேட் ஒருமுறை முன்னே பாயும் தூரமான வீச்சு பெரும்பாலும் 28 முதல் 32 மி.மீ. வரை இருக்கும். பிளேட் முழுதாகப் பின்வாங்கும்போதும் நுனி மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும். 100 மி.மீ. மரத்துக்கு 150 மி.மீ. பிளேட் போட்டால் முன்தகட்டின் கனமும் வீச்சும் சேர்ந்து அந்த நீளத்தைத் தின்றுவிடும், நுனி உள்ளேயே முட்டிக்கொண்டிருக்கும். 225 மி.மீ. போடுங்கள். பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு 5 அல்லது 6 பல், ஆணி கலந்த பழைய பலகைக்கு 10 பல்லுள்ள பை‑மெட்டல் (இரு உலோகம் சேர்த்த பிளேட்), இரும்புக் குழாய்க்கு 14 முதல் 18, மெல்லிய தகட்டுக்கு 24. பெரிய பல்லால் மெல்லிய தகட்டை அறுத்தால் தகடு இரண்டு பற்களுக்கு நடுவே சிக்கிப் பல் உதிரும். இரும்பு அறுக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பல் நீலமாக மாறினால் சூட்டில் பதம் போயிருக்கக்கூடும். அறுத்த உடனே அதை வெறுங்கையால் தொடவும் கூடாது.

தாங்கல் இல்லாமல் நீட்டி நிற்கும் கிளையை மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியில் பட்டை கிழிந்து இறங்கும். முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். நிலத்தில் இரு முனையும் தாங்கிக் கிடக்கும் கட்டைக்கு நேர்மாறு. அங்கே மேல்பக்கம் அழுந்திப் பிளேட்டை இறுக்கும், ஆகவே மேலே கொஞ்சம் அறுத்து, மிச்சத்தைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஏணியில் நின்று ஒரு கையால் இந்த வாளைப் பிடிக்கவே கூடாது.

சுவரை அறுக்கும் முன் அந்த அறையின் சுவிட்சை மட்டுமல்ல, மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள். அப்போது வாளுக்குப் பற்றரி வகைதான் வசதி. வயர் உள்ள வாளை, மின் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலேயே பாவியுங்கள். நீட்டிப்பு வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, சுருளை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். யப்பானிலிருந்து வந்த பாவித்த வாள்களில் 100 வோல்ட் என்றிருக்கும். அதை நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை இந்த வாளால் தொடவே வேண்டாம். பறக்கும் நார்த்தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும்.

பராமரிப்புக்கு அதிக நேரம் வேண்டாம். பிளக்கை அல்லது பற்றரியைக் கழற்றிய பிறகே, பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டில் கை வையுங்கள். அதில் மரத்தூளும் பிசினும் அடைத்தால் பிளேட் பாதி பூட்டிய நிலையில் நின்று, வேலை நடுவில் கழன்று பறக்கும். தூரிகையால் தட்டி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, பிளேட்டை இழுத்துப் பாருங்கள். கடற்காற்றுப் படும் வெள்ளவத்தை, முகத்துவாரம் போன்ற இடங்களில் பூட்டும் முன்தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். காற்றுத் துவாரங்களில் சீமெந்துத் தூசு தங்க விடாதீர்கள்.

கரி பிரஷ் (சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டு) உள்ள மோட்டாரில் பின்பக்கத் துவாரம் வழியே பெரிய தீப்பொறி வட்டம் தெரிந்தால் கரி தேய்ந்திருக்கக்கூடும். நீளம் 6 மி.மீ. அளவுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது சரியாக அழுந்தாமல் புதியதையும் கெடுக்கும். மாற்றியபின் பிளேட் பூட்டாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் கரி, தான் உரசும் செப்பு உருளையான கொமுட்டேற்றரின் வளைவுக்குப் படிந்துவிடும்.

மின்கருவி பழுதுபார்ப்போர் சிலர்,
கொழும்பு 13.