நுவரெலியாவின் மூன்று வாக்குகளும் நீலகிரியின் ஒரு வாக்கும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள்தொகைக்கேற்பத் தொகுதிகளைத் திரும்ப வகுக்கும் தொகுதி மறுவரையறை பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழகத்துக்கு எத்தனை இடம் குறையும், வடக்கே எத்தனை கூடும் என்று கணக்கெல்லாம் விரிவாக இருந்தது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு தொகுதிக்குள் யார் யாரைச் சேர்த்துக் கட்டுகிறார்கள், அவர்களில் யாருடைய குரல் டெல்லி வரை போய்ச் சேரும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரே தொகுதிக்கு இரண்டு மூன்று உறுப்பினர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. அதை இன்று பேசுவாரில்லை. எங்கள் குடும்பத்துக்கு அது மறக்கக்கூடிய செய்தி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். பந்தலூர்ப் பக்கம் இன்றும் எங்களைச் 'சிலோன்காரர்கள்' என்றுதான் சொல்வார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். அவருடைய அக்கா, என் அத்தை, இலங்கையின் பங்கில் விழுந்தார். 1972இல் ஆறு வயதுப் பிள்ளையாக நான் ஹட்டனில் கோச்சி ஏறியபோது அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடியும்வரை கூட ஓடிவந்தார். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. அங்கே விட்டுவந்த அதே தேயிலை, தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயம்.

அத்தை இருந்த தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே. 1947 தேர்தலில் அந்த மலையகம் ஏழு இந்திய வம்சாவளித் தமிழர்களை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே எங்கள் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். ஓட்டுப் போட்ட கைகள் வெறும் கொழுந்து கிள்ளும் கைகளாகிவிட்டன. 1952 தேர்தலில் அந்த ஏழு பேரின் இடத்தில் ஒரு மலையகத் தமிழர்கூட இல்லை. அடுத்த கால் நூற்றாண்டு, அரசு பார்த்து நியமித்த உறுப்பினர் வழியாகத்தான் அந்த மக்களின் குரல் சபைக்குள் போயிற்று.

1976ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் ஒன்றாக்கி மூன்று உறுப்பினர் தொகுதியாக அமைத்தார்கள். இப்படிப்பட்ட தொகுதிகள் இலங்கைக்குப் புதியவை அல்ல. பல இனத்தார் கலந்து வாழும் இடத்தில் சிறுபான்மையோருக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்று, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கையின் அரசியலமைப்பைப் பரிந்துரைத்த சோல்பரி ஆணைக்குழு காட்டிய வழி அது. கொழும்பு மத்தி, மட்டக்களப்பு போன்ற தொகுதிகள் முன்பே அப்படி இருந்தன.

இதில் நான் ஊன்றிச் சொல்ல விரும்புவது வாக்களித்த முறையை. மூன்று உறுப்பினர் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. மூன்றையும் மூவருக்குப் பிரித்துப் போடலாம். மூன்றையும் ஒருவருக்கே கொட்டவும் செய்யலாம். ஊரில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் மக்கள் ஒன்றுபட்டு ஒருவருக்கே போட்டால், மற்றவர்கள் எத்தனை பெரிய கூட்டமானாலும் அவரை வீழ்த்துவது கடினம். 1977 ஜூலை 21 அன்று அதுதான் நடந்தது. சிங்களத் தலைவர் காமினி திசாநாயக்க முதலில் வந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே சிறிமாவோ அம்மையாரின் மகன் அநுர பண்டாரநாயக்க இரண்டாவது. தொண்டமான் மூன்றாவது. ஒருவர் மட்டுமே வெல்லும் போட்டியில் மூன்றாவதாக வருபவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இங்கே அவர் சபைக்குப் போனார். அடுத்த ஆண்டு அமைச்சரும் ஆனார்.

அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர் மகன் எழுதிய நீல நிற வான்கடிதம் வந்தது. அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். எனக்கு அப்போது பதினொரு வயது. "தம்பி, மூணும் நம்ம ஆளுக்கே போட்டுட்டோம்" என்று இருந்தது. அதன் கீழே, எழுத்துத் தெரியாத அத்தை தன் கையாலேயே, வாக்குச்சீட்டில் இடுவதுபோல், மூன்று புள்ளடி (X குறி) போட்டிருந்தார். மை அழுந்திக் காகிதத்தின் மறுபக்கம் வரை தெரிந்தது. அப்பா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அந்த ஓர் இடம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓட்டுப் போட்ட மறு மாதமே கலவரம் வந்து தோட்டங்களைத் தாக்கியது. நாடற்றவர்களாகவே நின்றவர்களும் ஏராளம். அதற்கு 1988, 2003 என்று சட்டங்கள் வரவேண்டியிருந்தது. ஆனால் அவற்றைக் கேட்டு வாதாட உள்ளே ஆள் இருந்தார். 1978 அரசியலமைப்பு, கட்சி பெறும் வாக்கின் அளவுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தபின் மாவட்டமே பல உறுப்பினர் தொகுதியாகிவிட்டது. இன்று நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள். 2024இல் அங்கிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். செய்தியைப் படித்த அன்று அத்தையை நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் நீலகிரிக்கு வருகிறேன். இந்த நாடாளுமன்றத் தொகுதியில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மலையில் மூன்று சட்டமன்றத் தொகுதிகள். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று மலைக்குக் கீழே மூன்று. பனியனும் விசைத்தறியும் பேசப்படும் ஊரும், பச்சைத் தேயிலை விலையும் யானை வழித்தடமும் பேசப்படும் ஊரும் ஒரே ஆளிடம் முறையிட வேண்டும். மலையிலோ படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், எங்களைப் போன்ற சிலோன்காரர்கள், மலையாளம் பேசுவோர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தமிழகத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய மக்களவைத் தொகுதி ஒன்றும் கிடையாது. 1962இல் அக்கம்மாதேவி வென்றாரே, அதன் பிறகு ஒரு பெண்ணையும் இந்த மலை மக்களவைக்கு அனுப்பவில்லை.

இந்தியாவிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1952, 1957 மக்களவைத் தேர்தல்களில் பல தொகுதிகள் அப்படித்தான் இருந்தன. பொது இடம் ஒன்றும், பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கிய தனி இடம் ஒன்றும் ஒரே தொகுதிக்குள். 1957இல் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. பொது இடத்தைப் பழங்குடி வேட்பாளர் பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வென்றவருக்கே தீர்ப்பானது. அதற்குப் பிறகு 1961இல் ஒரு சட்டம் போட்டு இந்தத் தொகுதிகளை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். தொகுதி பெரிது, செலவு அதிகம் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நம்முடைய முறையில் இரண்டு வாக்கையும் ஒருவருக்கே போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சிறுபான்மையோருக்குக் கைகொடுக்கும் அந்த ஒரு வசதியைத் தராமலே முறையைச் சோதித்துப் பார்த்து, சரிப்படவில்லை என்று மூடிவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை என்று அரசியல் சட்டம் தள்ளிவைத்த மறுவரையறை வேலை இப்போது வாசலுக்கு வந்திருக்கிறது. இடங்களின் எண்ணிக்கை எதுவானாலும், மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்து ஒரே உறுப்பினர்தான் என்று இருக்க வேண்டியதில்லை. நீலகிரி போன்ற தொகுதிக்கு இரண்டு அல்லது மூன்று உறுப்பினர், வாக்குகளை ஒருவருக்கே குவிக்கும் உரிமை, இதை நம் கட்சிகள் ஒரு முறையாவது மேசைமேல் வைத்துப் பேச வேண்டும். தங்கள் இதழ் அதைத் தொடங்கிவைத்தால் மகிழ்வேன். பேசுவதற்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்; நிருபரை அனுப்புங்கள்.

அத்தையின் கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். விரும்பினால் புள்ளடிகள் தெரியும் பகுதியை மட்டும் வெளியிடுங்கள். மேலே உள்ளது குடும்ப விஷயம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.