நெருப்புக்கு ஒரு மரம், புகைக்கு ஒரு மரம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆவணி 2

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் கறிக்குப் புகை போடும் ட்ரம் அடுப்பு தயாராகிவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். பாக்கெட்டில் வரும் ஹிக்கரி, ஆப்பிள் சில்லுகளை வரவழைக்கலாமா, நம்மூர்க் கட்டையே போதுமா என்று கேட்டிருக்கிறாய். நம்மூர்க் கட்டை தாராளமாகப் போதும். ஹிக்கரி வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காட்டு மரம். பக்கத்தில் வளர்ந்ததால் அவர்கள் அதில் புகை போட்டார்கள். டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் நம்ம வேலிக்காத்தானுக்குப் பங்காளி மரம், இரண்டும் ஒரே பேரினம்.

எந்த மரம் என்பதை முடிவு செய்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள். அடுப்பில் சூடு தருவது ஒன்று, மணம் தருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே விறகிடம் எதிர்பார்க்கும்போதுதான் கறி கசக்கிறது. சூட்டுக்குக் கரி. மணத்துக்கு அந்தக் கரியின் நடுவே செருகி வைக்கும் நாலைந்து காய்ந்த கட்டை. வீட்டு அளவுக்கு இதைவிட நம்பகமான முறை இல்லை.

நம் பக்கம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வேலிக்காத்தான் கரி. நன்றாக வெந்த கரி புகையாது. மூட்டையில் குறைவெந்த துண்டுகளும் கலந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக இருக்கும், தட்டினால் மண்ணாங்கட்டி மாதிரி சத்தம் வரும். நல்ல கரி கண்ணாடித் துண்டு போலக் 'கிணிங்' என்று ஒலிக்கும். பழுப்புத் துண்டுகளைப் பொறுக்கித் தனியே போட்டுவிடு. அவற்றிலிருந்து வரும் காட்டமான புகைக்குப் பழி நீ செருகிய கொய்யாக் கட்டைமேல் விழும். கொட்டாங்கச்சிக் கரி கிடைத்தால் இன்னும் நல்லது. நின்று எரியும், சுத்தமாக எரியும்.

இனி புகைக்கான மரம். முதலிடம் கொய்யாவுக்கு. கட்டை கனம், புகை மென்மை, லேசான இனிப்பு வாடை. கோழிக்கும் வாத்துக்கும் பன்றிக்கறிக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஹவாய்த் தீவுகளிலும் கறிக்குக் கொய்யாப் புகை போடுகிறார்கள். மாமரம் அடுத்தது. கொய்யாவைவிட இளைத்த புகை. பிராய்லர் கோழிக்கு இதுவே சரியான அளவு. ஆனால் மாங்கட்டையில் வண்டு சீக்கிரம் விழும். துளையும் மாவு போன்ற தூளும் கண்டால் எடுக்காதே. வேலிக்காத்தான் பலத்த புகை. ஆட்டுக்கறிக்கு, அதுவும் கொய்யா மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்து போட்டால் அருமை. தனியாக இரண்டு மணி நேரம் போட்டால் நாக்கில் தார் தடவியது போல் ஆகிவிடும்.

நம் கடலோரம் முழுக்க நிற்கும் சவுக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். ஊசி இலை போலத் தெரிவதால் பலர் அதைப் பைன் வகை என்று நினைக்கிறார்கள். அது பூக்கும் மரம், பிசின் மரமே இல்லை. ஊசி போலத் தெரிவது அதன் மெல்லிய கிளைகள்தான். சூடு அபாரம். தனியாக எரித்துத் தணலாக்கி அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். மணத்துக்காகச் செருக வேண்டாம். புளியங்கட்டைக்கும் என் கணக்கு இதுதான்.

தென்னை மட்டை நார் குபுகுபுவென்று புகையும், நிறம் சட்டென்று ஏறும். லட்சத்தீவில் மாசிக் கருவாட்டுக்குச் சூரையை வேகவைத்துத் தேங்காய் மட்டைப் புகையில்தான் வாட்டுகிறார்கள். மீனுக்கு அரைமணி நேரம் போடு, கறிக்கு வேண்டாம். மீன் என்றதும் ஒரு எச்சரிக்கை. சூரை, அயிலை இரண்டும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகிவிடும். அதைப் புகையும் போக்காது, சூடும் போக்காது.

தொடவே கூடாதவை: அரளி, எருக்கு (இரண்டும் நஞ்சு), தைலமரம், தேக்கு, வேம்பு. பண்ருட்டிப் பக்கமிருந்து வரும் முந்திரி விறகில் ஓடு கலந்திருந்தால் அந்த லோடே வேண்டாம். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் பொத்துவிடும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். கரை ஒதுங்கிய கட்டையும் பழைய படகுப் பலகையும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உப்பூறிய கட்டை எரியும்போது உப்பிலுள்ள குளோரின் டயாக்சின் போன்ற நச்சுகளாக மாறுகிறது. படகில் பெயிண்டும் தாரும் வேறு. சரக்குப் பெட்டிப் பலகையில் 'எம்.பி.' (MB) முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நச்சு வாயு புகைத்தது.

இப்போது முக்கியமான விஷயம், கட்டையைக் காயவைப்பது. மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று உண்டு. முதல் இரண்டும் சிதைந்து நிறத்தையும் இனிப்பு வாடையையும் தருகின்றன. லிக்னின் சிதைந்து குவாயகாலும் சிரிங்காலும் வருகின்றன. புகைபோட்ட கறியின் ருசி பெரும்பாலும் குவாயகாலிலிருந்து, வாசனை சிரிங்காலிலிருந்து. பைன் வகைகளில் சிரிங்கால் அநேகமாகக் கிடையாது, பிசின் நிறைய. அதனால்தான் அவை ஆகாது. இந்தச் சிதைவு நன்றாக நடக்கக் கட்டை 300 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற வேண்டும். ஈரம் இருந்தால் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கட்டை வெந்து தணியும், தடித்த வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையின் பெரிய துளிகள்தான் கறிமேல் கசப்பாகப் படிகின்றன. சரியான புகை கண்ணுக்கே பாதிதான் தெரியும், வெயிலில் லேசான நீலமாக இருக்கும். சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் யோசனையை இதனாலேயே விட்டுவிடு. ஊறிய சில்லு முதலில் நீராவிதான் விடும், புகை தாமதமாகும், வேறு பலனில்லை.

15 முதல் 20 சதவீத ஈரம் போதும். மீட்டர் தேவையில்லை, சமையலறைத் தராசு இருந்தால் சரி. தடித்த பட்டையைச் சீவி, கட்டையை 5 சென்டிமீட்டர் கனத்தில், கைமுட்டி அளவில் பிளந்துகொள். நாலு துண்டில் எடையை எழுதி வை. வாரம் ஒருமுறை நிறுத்துப் பார். ஒரு வாரத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. பச்சையில் 45 சதவீதம் தண்ணீர் இருந்தால் ஒரு கிலோ கட்டை 650 கிராம் வரை இறங்க வேண்டும். இரண்டு துண்டை மோதினால் 'டொக்' என்ற சத்தம் 'டங்' என்று மாறியிருக்கும், வெட்டு முகத்தில் நட்சத்திரமாக வெடிப்பு விட்டிருக்கும்.

அதனால் கட்டையை இன்றே வெட்டச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது. ஆவணி, புரட்டாசி வெயில் இரண்டு மாதமும் கட்டைக்குப் போகட்டும். மாடியில் செங்கல்மேல் அடுக்கு, காற்று அடியிலும் ஓடட்டும். சாயங்கால இடிமழைக்கு மேலே மட்டும் தகரம் போடு, பக்கங்களை மூடாதே. தீபாவளிக்குத் தயாராகிவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடற்காற்றின் ஈரத்தில் பச்சைக் கட்டை காயாது, பூஞ்சைதான் பூக்கும். பூஞ்சை பிடித்த கட்டையைக் கழுவிப் போடலாம் என்று நினைக்காதே. காய்ந்ததை உள்ளே கோணிப்பையில் வை, பிளாஸ்டிக் பையில் கட்டாதே.

அளவு. ஒன்றரைக் கிலோ கோழியை முதுகெலும்பு எடுத்து விரித்து, கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி, ஃப்ரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வை. தோல் லேசாக ஒட்டும் பதத்துக்கு உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தால் புகை கோடு கோடாக வழியும். ட்ரம்மில் இரண்டு கிலோ கரியை ஒரு பக்கமாகக் குவித்து, கட்டை 150 கிராமை இடையிடையே புதைத்து, தணலான கரி பத்துப் பதினைந்து துண்டை மேலே வை. மேல் துளை எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கீழ்த் துளையில் மட்டும் கட்டுப்படுத்து. மேலே மூடினால் பழைய புகை உள்ளேயே தேங்கிக் கரிப்பாகும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், கீழ்த் துளை அதற்கு நேராக இருந்தால் சூடு கட்டுக்கு அடங்காது. ட்ரம்மைத் திருப்பிவிடு.

ட்ரம்முக்குள்ளே 120 டிகிரி. முதல் வெள்ளைப் புகை அடங்கி நீலமான பிறகே கோழி உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரப் புகை தாராளம். மொத்தம் இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும். தொடையின் கனத்த இடத்தில் 74 டிகிரி தாண்டியாக வேண்டும், இதற்குத் தெர்மாமீட்டர் இல்லாமல் முடியாது. தோல் ரப்பராக இருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், கடைசிப் பத்து நிமிடம் தணலுக்கு நேரே வாட்டு. இரண்டு கிலோ பன்றி முன்னங்கால் சப்பைக்கு 300 கிராம் கட்டை, முதல் மூன்று மணி நேரத்துக்குள் எரிந்து முடியும்படி. கறியின் உள்ளே 65, 70 டிகிரி வந்ததும் சூடு ஏறாமல் நின்றுவிடும். கறியிலிருந்து ஆவியாகும் நீர் அதைக் குளிரவைக்கிறது, அவ்வளவுதான். பயந்துபோய்க் கரியைக் கொட்டாதே. அலுமினியத் தாளில் சுற்றி வை, 93 வந்தால் எலும்பு தானாகக் கழலும். ஆட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். அதை 70-லேயே சுற்றிவிடு.

சூடில்லாமல் போடும் குளிர்ப்புகையைப் பற்றி விசாரித்திருந்தாய். நம்மூரில் வேண்டாம். நம் வெக்கையில் பச்சைக் கறியை மணிக்கணக்கில் தொங்கவிட்டால் கிருமிதான் முதலில் சாப்பிடும்.

புது மரம் ஏதாவது கிடைத்தால், விஷமில்லாத மரம் என்று உறுதியான பிறகு, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி உப்புத் தூவி இருபது நிமிடம் அந்தப் புகையில் வை. முட்டையில் கசந்தால் கறியிலும் கசக்கும். ஒரு கோழி மிச்சம்.

கொய்யாவை அறுக்க ஆள் வரும்போது சங்கிலி ரம்பம் வேண்டாம் என்று சொல். அந்த எண்ணெய் வெட்டு முகமெல்லாம் தெறித்து ஊறிவிடும். கை ரம்பமும் கோடாலியும் போதும். முதல் வார எடையை எழுது, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கண்ணன்