பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே

பாரிஸ்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி அந்தத் தைலத்துக்குக் கேட்கிறதா இல்லையா என்று எழுத மறந்துவிட்டாய். பேத்தி ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியதை மகளிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கும் ஏக சந்தோஷம்.

வரப்பு வழக்கைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கம் உன் அண்ணன், இன்னொரு பக்கம் உன் கொழுந்தன்மார். “கோர்ட்டு வராந்தாவில் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன்” என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. போன வெள்ளிக்கிழமை லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அது இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மோனாலிசா முன்னால் நெரியும் கூட்டத்தை விட்டு விலகி வந்தால் சிவப்புச் சுவர்களோடு நீளமான ஓர் அறை. ழாக்-லூயி தாவீத் வரைந்த பெரிய படங்கள் அங்கேதான் இருக்கின்றன. பெயர் நினைவிருக்கிறதா? எத்தனை வருஷம் நாம் இருவரும் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்தியிருப்போம்! 1789 ஜூன் 20, அரசியலமைப்பு உருவாகும்வரை கலைய மாட்டோம் என்று மக்கள் பிரதிநிதிகள் எடுத்த டென்னிஸ் மைதான உறுதிமொழி. நடுவில் மேசைமேல் நின்று சபைத் தலைவர் பாய்யி உறுதிமொழியைப் படிக்க, சுற்றிலும் நூற்றுக்கணக்கான கைகள் அவரை நோக்கி நீண்டிருக்குமே, அந்தப் படம் தாவீத் கை வண்ணம். அதை அவர் பெரிய வண்ண ஓவியமாக முடிக்கவே இல்லை. படத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் சில வருஷத்தில் ஒருவருக்கொருவர் எதிரியானார்கள். பாய்யியையே 1793-இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நீட்டிய கைகள் புரட்சிக்கு முன்னாலேயே தாவீதிடம் இருந்திருக்கின்றன என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. ‘ஹொராஷியஸ் சகோதரர்களின் சபதம்’ என்ற படம். 1784-இல் ரோமில் உட்கார்ந்து வரைந்தார், அடுத்த வருஷம் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். 330 சென்டிமீட்டர் உயரம், 425 அகலம். பதினாறாம் லூயியின் அரசாங்கம் கேட்டு வாங்கிய படம்தான், ஆனால் கேட்ட அளவைவிடப் பெரிதாக வரைந்தார். ரோமுக்குப் போகவரச் செலவு கொடுத்தது மாமனார் வீடு.

கதை இது. ரோமுக்கும் பக்கத்து நகரமான ஆல்பா லோங்காவுக்கும் சண்டை. படைகள் மோதி ஆள் சாகவேண்டாம், இந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள், அந்தப் பக்கம் மூன்று சகோதரர்கள், அவர்களே அடித்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாகிறது. ரோமுக்கு ஹொராஷியஸ் வீட்டுப் பிள்ளைகள், ஆல்பாவுக்குக் குரியாஷியஸ் வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் சம்பந்தி வீடு! குரியாஷியஸ் வீட்டுப் பெண் சபீனா இந்த வீட்டு மருமகள். இந்த வீட்டுப் பெண் கமில்லா அந்த வீட்டுப் பையனுக்கு நிச்சயமானவள்.

படத்தில் நடுவே அப்பா மூன்று வாள்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இடப்பக்கம் மூன்று பிள்ளைகள் கையை நீட்டி, காலை அகட்டி, கம்பி மாதிரி நிற்கிறார்கள். வலது ஓரத்தில் பெண்கள் துணி சரிந்தாற்போல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார்கள். பின்னால் கறுப்புத் துணியில் ஒரு தாதி, மடியில் இரண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருக்கிறாள். சின்னது முகத்தைப் புதைத்துக்கொண்டுவிட்டது. பெரியவன் கண்ணை அவள் பொத்தப் பார்க்கிறாள், அவன் விரல் இடுக்கு வழியாக வாள்களையே பார்க்கிறான். அந்தப் பையன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அடுத்த சண்டைக்கு ஆள் அங்கேயே தயாராகிறான், சரோ.

சண்டையில் ஐந்து பேர் சாகிறார்கள். ஹொராஷியஸ்களில் ஒருவன் மட்டும் மிஞ்சி வீடு திரும்புகிறான், செத்தவர்களிடமிருந்து எடுத்ததையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு. அதில் ஓர் அங்கியைக் கமில்லா அடையாளம் கண்டுகொள்கிறாள். தனக்கு நிச்சயமானவனுக்காக அவளே தன் கையால் செய்தது. தலையை விரித்துப் போட்டு அவன் பெயரைச் சொல்லி அழுகிறாள். எதிரிக்காக அழுகிறாயா என்று அண்ணன் அங்கேயே அவளைக் குத்திக் கொல்கிறான். ஊர் அவனைக் குற்றவாளி என்கிறது. மகளைப் பறிகொடுத்த அப்பா மகனுக்காக மன்றாடி விடுவிக்கிறார். லிவி எழுதிய ரோம வரலாற்றில் இந்தச் சண்டையும் கொலையும் மன்றாட்டும் இருக்கின்றன. சபதக் காட்சிதான் இல்லை, அது தாவீத் தானாகக் கட்டியது. முதலில் அப்பா மன்றாடும் காட்சியை வரையத்தான் நினைத்திருந்தார், ஓர் ஓவியக் குறிப்புகூட இருக்கிறது. பிறகு ஏன் கதையின் தொடக்கத்துக்குப் போனார் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாரும் உயிரோடு இருக்கும் கடைசிக் கணம் அது. பெண்களுக்கு மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது.

பிரான்ஸில் ராஜா ராணிக் கதைக்கா பஞ்சம், ஏன் ரோமையும் கிரேக்கத்தையுமே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நீ முன்பொரு முறை கேட்டாய். 1648-இல் தொடங்கிய அரச கலைக்கழகத்தில் படங்களுக்குக்கூட வரிசை உண்டு. புராணமும் வரலாறும் உச்சியில், மனித உருவப்படம் அதற்குக் கீழே, இயற்கைக் காட்சி இன்னும் கீழே, பழமும் பாத்திரமும் கடைசியில். பெரிய ஓவியர் என்று பெயர் வாங்க வேண்டுமானால் உச்சியில் இருப்பதை வரைய வேண்டும். தாவீத் அந்தக் கழகத்தின் ரோம் பரிசுக்குத் திரும்பத் திரும்பப் போட்டியிட்டுத் தோற்று, 1774-இல்தான் வென்றார். ஆடையில்லாத உடலைப் பார்த்து வரையும் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டதால் உச்சி வரிசை அவர்களுக்கு எட்டவில்லை. எனக்கு அது ஆறவில்லை. கமில்லாவின் அழுகையை ஒரு பெண் பெரிய திரையில் வரைந்திருந்தால் எங்கே வைத்திருப்பாள்? கண்டிப்பாக மூலையில் வைத்திருக்க மாட்டாள்.

அதே அறையில் புரூட்டஸ் படம். சீசரைக் குத்தியவன் அல்ல, அவனுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியவர், மன்னனை விரட்டி ரோமைக் குடியரசாக்கியவர். மன்னனைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்ததற்காகப் பெற்ற பிள்ளைகள் இருவருக்கும் அவரே மரண தண்டனை விதித்தார். மனுநீதிச் சோழன் ஞாபகம் உனக்கும் வரும். ஆனால் அந்தக் கதையில் அம்மாவை நாம் தேடியதுண்டா? தாவீத் அவளைக் காட்டுகிறார். பிணங்கள் வீட்டுக்குள் வருகின்றன. அப்பா இருட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் முழுவதும் பெண்கள் மேல். தாய் கையை நீட்டிப் பதறுகிறாள், ஒரு மகள் மயங்கிச் சரிகிறாள். இரு பக்கத்துக்கும் நடுவில் மேசைமேல் ஒரு தையல் கூடை. கொஞ்சம் முன்னால்வரை அது சாதாரண வீடு என்று அந்தக் கூடை சொல்கிறது. 1789-இல், பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்த சில வாரங்களில், இது மக்கள் பார்வைக்கு வந்தது.

அதன்பின் தாவீத் தாமே புரூட்டஸ் ஆனார். 1793-இல் மன்னருக்கு மரண தண்டனை வேண்டும் என்று வாக்களித்தார். புரட்சித் தலைவர் ரோபஸ்பியருக்கு நெருக்கமானவர். மனைவி ஷார்லத் அரச விசுவாசமுள்ள குடும்பத்துப் பெண், 1794-இல் விவாகரத்து செய்துவிட்டாள். அதே வருஷம் ரோபஸ்பியர் வீழ்ந்தார், தாவீத் சிறைக்குப் போனார். அங்கே அவரைப் பார்க்க வந்தவள் யார் தெரியுமா? பிரிந்துபோன அந்த ஷார்லத். 1796-இல் இருவரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள்.

சிறையில் கருவாகி 1799-இல் முடிந்த படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ரோமை நிறுவிய ரோமுலஸின் ஆட்கள், அக்கம்பக்கத்துச் சபீனர் வீட்டுப் பெண்களைத் தூக்கிவந்த கதை உனக்குத் தெரியும். நிக்கோலா புஸ்ஸன் அந்தக் கடத்தலை 1630-களில் இரண்டு முறை வரைந்தார், ஒன்று இதே லூவ்ரில் இருக்கிறது. மேடைமேல் நின்று ரோமுலஸ் அங்கியைத் தூக்கிச் சைகை காட்ட, கீழே பெண்கள் அலறுகிறார்கள். படத்தின் அமைப்பு அபாரம், ஆனால் எனக்கு அதன்முன் நிற்கப் பிடிக்கவில்லை. தாவீத் எடுத்துக்கொண்டது மறுமுனை. சில வருஷம் கழிகிறது. அண்ணன் தம்பிகள், அப்பாக்கள் படை திரட்டிப் பெண்களை மீட்க வருகிறார்கள். அதற்குள் அந்தப் பெண்கள் கையில் குழந்தைகள். யார் ஜெயித்தாலும் ஒரு வீடு போகும்.

சுமார் ஐந்து மீட்டர் அகலத் திரையின் நட்டநடுவில் வெள்ளை உடையில், அந்தச் சபீனப் பெண்களில் ஒருத்தியான ஹெர்சீலியா நிற்கிறாள். வலப்பக்கம் ஈட்டியை ஓங்கிய ரோமுலஸ், புருஷன். இடப்பக்கம் வாளோடு டாட்டியஸ், அப்பா. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்துவிட்டாள். காலடியில் குழந்தைகள். பின்னால் ஒருத்தி தன் பிள்ளையை உயரத் தூக்கிப் படைக்குக் காட்டுகிறாள். வலது ஓரத்தில் ஒரு குதிரை வீரன் வாளை உறையில் போடத் தொடங்கிவிட்டான். அதைக் கவனிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஷார்லத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார் என்கிறார்கள். நான் நம்புகிறேன். 1784-இல் மூலையில் சுருண்டு கிடந்தவளை எழுப்பி நடுவில் நிறுத்த அவருக்குப் பதினைந்து வருஷமும் ஒரு சிறையும் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்தை லூவ்ரிலேயே ஓர் அறையில் வைத்து 1 பிராங்க் 80 சென்டிம் கட்டணம் வாங்கிக் காட்டினார். கில்லட்டின் பயம் ஓய்ந்து, காட்டிக்கொடுத்தவனும் பறிகொடுத்தவனும் ஒரே தெருவில் வாழவேண்டியிருந்த பாரிஸ் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

சரோ, நீ வராந்தாவில் நின்றுகொண்டே இருந்ததாக எழுதியபோது அதை வெட்கப்படுவதுபோல் எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு பெஞ்சுக்கும் பொதுவாக அங்கே இருந்தவள் நீ ஒருத்திதான். உன் அண்ணனும் பெரிய கொழுந்தனும் நீ கூப்பிட்டால் ஒரே பந்தியில் உட்காருவார்களா? பேத்தி பரிசு வாங்கியதைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டுப் பாரேன். வரமாட்டேன் என்றால் போகட்டும், கேட்டுவிட்டோம் என்றாவது இருக்கும்.

ஹெர்சீலியா படத்தின் அஞ்சலட்டை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பேத்தியிடம் கொடு, வலது ஓரத்துக் குதிரை வீரனை அவளே கண்டுபிடிக்கிறாளா என்று பார். அடுத்த வாய்தா 18-ஆம் தேதி என்று எழுதியிருந்தாய். அன்று ராத்திரியே எழுது, தைலம் விஷயத்தையும் சேர்த்து.

உன்
விசாலம்